பெலிக்கன் கிளப்பின் தட்டுகள்

பெலிக்கன் கிளப்பு முதலாளி பிராக்டர் பணிந்துவிட்டான் என்று ஜோத்தம் வந்து சொன்னபோது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பிசைவதை நிறுத்தவில்லை.

"யாரு சொன்னது?"

"அவனே சொன்னான். துறைக்கு வந்து என் கையைப் பிடிச்சுச் சொன்னான். வர்ற சனிக்கிழமையிலேர்ந்து நம்மாளுங்க யாரு வேணாலும் கிளப்புக்குள்ள வந்து உக்காந்து சாப்பிடலாமாம். முன்வாசல் வழியாவே."

"கையைப் பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"அப்புறம் போய்க் கழுவிக்கிட்டானா, பாத்தியா?"

ஜோத்தம் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சில்லா, உன்னைக் கொண்டுபோயி சொர்க்கவாசல்ல நிறுத்தினாலும், கதவு ஏன் திறந்து கெடக்குன்னு கேப்ப நீ," என்றான்.

கேட்பேன். கேட்டால் என்ன தப்பு? பிமினித் தீவில் பிறந்து, வெள்ளைக்காரர் வீட்டுத் துணி துவைத்து வளர்ந்த கறுப்புப் பெண் நான். துருசில்லா என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். சந்தேகம் கூடவே பிறந்தது. இதுவரை அது என்னை ஏமாற்றியதில்லை.

பெலிக்கன் கிளப்பைப் பற்றி நான் பேசினால் வயிற்றெரிச்சல் என்பார்கள். வயிற்றெரிச்சல்தான். அந்தத் துறையில் கட்டிக் கிடக்கிற ஒவ்வொரு படகும் என் புருஷன் ஜோத்தம் ஹின்சி செய்தது. உள்ளே குடிக்கிற இடத்தில் பளபளவென்று நீளமாக ஒரு மேடை இருக்கிறதே, அதுவும் அவன் இழைத்ததுதான். போன்ஃபிஷ் பிடிக்க ஃப்ளோரிடாவிலிருந்து வருகிற பணக்காரர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் "ஜோத்தம் எங்கே" என்றுதான் கேட்பார்கள். கணுக்கால் ஆழத் தண்ணீரில், வெள்ளை மணலுக்கு மேலே திரிகிற வெள்ளி நிற மீன் அது. மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும், இவனுக்கு மீன் தெரியும். நாள் முழுக்கக் கழி ஊன்றி அவர்களைக் கொண்டுபோவான். நான் கட்டிக்கொடுத்த ரொட்டியை ஒரே பெட்டியிலிருந்து எடுத்து அவனோடு தின்பார்கள். தோளில் கை போட்டுப் படம் பிடித்துக்கொள்வார்கள். கரைக்கு வந்ததும் அவர்கள் முன்வாசலில் நுழைவார்கள், இவன் மீனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சமையலறைக்குப் போகவேண்டும்.

போன வருஷம் ஒருநாள் இவன் மீனைப் படகிலேயே போட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போனான். கூட ஃபெர்டி ஸ்டப்ஸ். ஃபெர்டியும் மீன் வழிகாட்டிதான், ஆனால் மீன் பிடித்ததைவிட வாயாடியதுதான் அதிகம். இரண்டு பேரும் அந்த மேடை முன்னால் உட்கார்ந்து இஞ்சி பானம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. இவர்கள் எழுந்திருக்கவுமில்லை. போலீஸ்காரர் வந்தார், அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், தரையைப் பார்த்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போனார். மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். அபராதம் போட்டார்கள், கட்டிவிட்டு மறுபடி போனார்கள். கடைசியில் ஊர் வழிகாட்டிகள் யாருமே கிளப்பு விருந்தாளிகளை ஏற்றுவதில்லை என்று முடிவானது. மீன் காலம் முழுக்கக் கிளப்பின் படகுகள் வெயிலில் காய்ந்தன. விருந்தாளிகள் வந்த விமானத்திலேயே திரும்பிப் போனார்கள். அதனால்தான் பிராக்டர் பணிந்தான். அந்தக் கணக்கு எனக்கும் புரிந்தது.

"பணிஞ்சவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று ஜோத்தமிடம் கேட்டேன்.

"சிரிச்ச மூஞ்சிதான்."

"அதான் இடிக்குது. தோத்தவன் ஏன்யா சிரிக்கணும்? எலி சும்மா அம்மணமா ஓடாது."

"உனக்கு வேணாம்னா நீ வராத," என்றான் ஜோத்தம். ஆனால் அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து என் நீல கவுனை எடுத்து வெளியே மாட்டி வைத்திருந்தான். அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடவேண்டும் என்பதில் அந்த மனுஷனுக்கு அத்தனை ஆசை. எனக்கு இல்லையா? எனக்கும்தான் இருந்தது. ஆசை இருக்கிற இடத்தில்தான் மனுஷர் ஏமாறுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு போனோம். வழிகாட்டிகளும் அவர்கள் பெண்டாட்டிகளுமாக நீள மேசை நிறைய ஆட்கள். ஹாலிஸ் பிராக்டர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்றான். எனக்கு நாற்காலியை இழுத்துப்போட்டான். உட்காருவதற்கு முன் அதன் கால்களை ஆட்டிப் பார்த்தேன்.

"உடைஞ்ச நாற்காலி எல்லாம் குடுக்கமாட்டான் சில்லா," என்று ஃபெர்டி காதருகே வந்து சொன்னான். "நீ உக்காந்தாத்தான் உடையும்."

"உன் வாய் உடையப்போகுது, பேசாம தின்னு."

சாப்பாடு வந்தது. களவா மீன் பொரித்தது, பயறுச் சோறு, சிங்கி இறால், கடைசியில் கொய்யா டஃப், அதுதான் கொய்யாப்பழம் வைத்துச் சுருட்டி அவிக்கிற இனிப்பு. தட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. விளிம்பில் நீல நிறத்தில் துள்ளும் மயில்மீன் படம். ஜோத்தம் அந்த மயில்மீனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினான். நான் சாப்பிட்டதைவிடச் சுற்றிப் பார்த்ததுதான் அதிகம். வெள்ளைக்கார விருந்தாளிகள் தூரத்தில் இரண்டு மேசைகளில் இருந்தார்கள்; யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. இதற்கு முன் ஃபெர்டி மேடை முன் உட்கார்ந்தபோது குவளையைத் தரையில் எறிந்துவிட்டுப் போனவர்களும் அதில் இருந்தார்கள். ஒரே வருஷத்தில் இத்தனை பேருக்கும் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதா?

பரிமாறியது எனிட். என் சித்தி மகள். கிளப்பில் பாத்திரம் கழுவி, ஆள் போதாதபோது பரிமாறுவாள். என்னைக் கண்டால் "அக்கா" என்று ஓடி வருகிறவள். அன்று என் முன்னால் தட்டை வைத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் தட்டுகளைச் சேர்த்து அடுக்கினாள். அவர்கள் மேசைத் தட்டுகள் தள்ளுவண்டியில் போயின. எங்களுடையவை துணி துவைக்கிற தொட்டி ஒன்றில் போயின. நான் பார்த்தேன். பிராக்டரும் நான் பார்த்ததைப் பார்த்தான். உடனே வந்து, கொய்யா டஃப் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டான்.

திரும்பி வரும்போது ஜோத்தம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி நடந்ததில்லை.

"நல்லாருந்துச்சுல்ல?"

"மீன்ல உப்பு கம்மி," என்றேன். தொட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகு வழிகாட்டிகள் வேலைக்குத் திரும்பினார்கள். சனிக்கிழமைதோறும் யாராவது குடும்பத்தோடு கிளப்புக்குப் போனார்கள். ஊரே நிமிர்ந்து நடந்தது. நான் மட்டும் எனிட்டைக் கவனித்தபடி இருந்தேன். அவள் ரொட்டி வாங்க என் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறினாள். கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவள் வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே மடக்கினேன்.

"கையில என்னடி?"

"மீன் முள்ளு குத்திருச்சு அக்கா."

"மூணு விரல்லயுமா? எந்த மீனுக்குடி வரிசையா முள்ளு?"

"வேலை இருக்கு அக்கா," என்று போய்விட்டாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் மனசு எங்கெல்லாமோ போனது. சோற்றில் எதையாவது கலக்கிறார்களா? நாய்க்கு வைத்த தட்டில் எங்களுக்கு வைக்கிறார்களா? என் கூடப்பிறக்காத தங்கச்சி அதற்குக் கூட்டு நிற்கிறாளா? ஜோத்தமிடம் சொன்னேன். அவன் அன்று புதுப் படகுக்குக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தான். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் இறுக்கியபடி நிமிராமலே பேசினான்.

"ஒரு வருஷம் போராடி வாங்கினது சில்லா. அதை ஒரு வேளையாவது நிம்மதியா திங்க விடு."

"நான் விடுறேன். அவன் விடுறானான்னு பாரு."

உளியை ஓங்கி அடித்தான். எனக்கும் கோபம், அவனுக்கும் கோபம். இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

விஷயம் வெளியே வந்தது ஜோத்தம் கண்ணாலேயே. ஜார்ஜியாவிலிருந்து வருகிற வயசான டாக்டர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, கிளப்புக்குப் பின்னால் அலையாத்தி மரங்கள் நிற்கிற ஆழமில்லாத கடல்பக்கம் போயிருக்கிறான். தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். தூரத்தில் அடிமணலில் வெள்ளையாகச் சின்னச் சின்ன மின்னல். வால் திருப்புகிற மீன் கூட்டம் அப்படித்தான் மின்னும். இவன் கழியை ஊன்றி நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பெரிய கூட்டம் டாக்டர், அந்த மின்னலுக்கு முன்னால தூண்டிலைப் போடுங்க," என்றிருக்கிறான். டாக்டரும் போட்டார். மாட்டியது. மெதுவாக இழுத்தார். ஒரு தட்டுத் துண்டு வந்தது, விளிம்பில் அரை மயில்மீனோடு.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிமினியிலேயே கண்ணுக்குப் பேர்போனவன் பீங்கானை மீன் என்று காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்? ஜோத்தம் சிரிக்கவில்லை. கழியை ஊன்றிக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறான். மணல் தெரியாத அளவுக்குக் கிடந்தனவாம். ஒன்றுகூட முழுசாக இல்லை. டாக்டர் குனிந்து பார்த்தார், ஜோத்தம் முகத்தைப் பார்த்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று கரையில் இருக்கிறவன் நினைப்பான். மீன் வழிகாட்டிகள் திரிகிற கணுக்கால் ஆழத் தண்ணீரில் கொண்டுபோய்க் கொட்டினானே பிராக்டர், எத்தனை பெரிய முட்டாள்.

அந்தத் துண்டை ஜோத்தம் என் சமையல் மேசைமேல் வைத்தான். பார்த்ததும் தொட்டி, எனிட்டின் விரல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நான் சொன்னேனே என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"நல்லாருந்துச்சுன்னு சொல்லி அவனுக்கு நன்றி வேற சொன்னேன் சில்லா," என்றான். "தட்டை வழிச்சுத் தின்னேன்."

அப்போதே எனிட் வீட்டுக்கு நடந்தோம். அவள் வாசலில் சங்கு உடைத்து இறைச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜோத்தம் துண்டை அவள் முன்னால் போட்டான். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அழாத. சொல்லு," என்றேன்.

"இந்தச் சுத்தியலாலதான் அக்கா உடைச்சேன். நீங்க எல்லாம் போனதும் என்னைப் பின்னாடி கூப்பிட்டு ஒவ்வொண்ணா உடைக்கச் சொல்லுவாரு. சாக்குல கட்டி, கொண்டுபோயி கொட்டச் சொல்லுவாரு. விருந்தாளிங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு, ஊர்க்காரங்க தின்ன தட்டு மறுபடி அந்த விருந்தாளிங்க மேசைக்கு வராதுன்னு. அந்தச் சத்தியத்துக்குத்தான் அவங்க சம்மதிச்சாங்க."

"நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னா வேலை போயிடும்னாரு. அது மட்டும் இல்ல. மாமா சாப்பிடுறப்ப மூஞ்சியைப் பாத்தியா நீ? எப்படிச் சொல்றது?"

அறையத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தலையில் வைத்தேன். எங்கள் சொந்தத் தங்கச்சி கையாலேயே எங்கள் எச்சிலை உடைக்கவைத்தானே பாவி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜோத்தமின் படகுப் பட்டறையில் எனிட் உட்பட எல்லோரும் கூடினார்கள். ஆளுக்கொரு பேச்சு. ஃபெர்டிக்கு அன்று வேடிக்கைப் பேச்சு வரவில்லை. கிளப்பைக் கொளுத்திவிடலாம் என்றான். இனி அந்தப் பக்கமே போகவேண்டாம், மானம் முக்கியம் என்றார்கள் பாதிப் பேர்.

"போகலைன்னா அவனுக்குத்தான் கொண்டாட்டம்," என்றேன். "கதவைத் திறந்துதான் வச்சேன், அவங்கதான் வரலைன்னு தலைநகரம் நசாவ் வரைக்கும் சொல்லுவான்."

"அப்ப என்னதான் பண்றது? தெரிஞ்சுக்கிட்டே போயித் திங்கிறதா?" என்றான் ஃபெர்டி.

ஜோத்தம் கட்டி முடியாத படகின் விளிம்பில் சாய்ந்து நின்றிருந்தான். இப்போது எனிட் பக்கம் திரும்பினான்.

"எனிட், அங்க தட்டு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பாதி அலமாரி காலி மாமா. மயாமியிலேர்ந்து புதுசு வரவைக்கிறதா சொல்லிட்டிருந்தாரு."

"மயாமியிலேர்ந்து வர்ற சரக்குக் கப்பல் கிளப்புத் துறைக்கு வருமா?"

"வராது. அங்க ஆழம் ஏது? உங்க தோணியிலதான் ஏத்திக்கிட்டு வரணும்."

"என் தோணியில," என்றான் ஜோத்தம். "அப்ப நமக்கெல்லாம் நல்லா பசிக்கணும்."

முதலில் புரிந்தது ஃபெர்டிக்கு. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

"கழுவி வச்சுக்கிட்டு உடைச்சேன்னு அவங்ககிட்ட பொய் சொல்லிட்டான்னா?" என்று கேட்டேன்.

"சொல்லமாட்டாரு அக்கா," என்றாள் எனிட். "அவரும் அந்தத் தட்டுலதானே சாப்பிடுறாரு."

மறுநாளிலிருந்து எங்கள் ஊருக்கு அப்படி ஒரு பசி. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். இருப்பதில் மலிவு சங்கு சூப்தான், அதைத்தான் வாங்குவோம். சீட்டுப் பணம் அந்த மாதம் எனக்கு விழுந்திருந்தது. அடுப்பு வாங்கவேண்டும் என்று வைத்திருந்தேன். சூப்பாக வாங்கினேன். ஆனால் சூப்புக்கு அடியில் ஒரு தட்டு, ரொட்டிக்கு ஒன்று, வெண்ணெய்க்கு ஒன்று, எலுமிச்சைத் துண்டுக்கு ஒன்று. ஃபெர்டி தன் மிளகாயைத் தனித் தட்டில் கேட்டான். மிளகாய் மற்றதோடு ஒட்டினால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

பிராக்டரின் சிரிப்பு மெதுவாகக் கழன்றது. இப்போது சந்தேகப்படுவது அவன் முறை. எங்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எங்க சாப்பாடு உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"ரொம்பங்க," என்றேன். "அந்தக் கொய்யா டஃப் ராத்திரி கனவுல கூட வருது."

எங்களை வெளியே போகச் சொல்ல அவனால் முடியாது. சொன்னால் வழிகாட்டிகள் மறுபடி படகைக் கட்டிப்போட்டுவிடுவார்கள், கிளப்பு வருஷாவருஷம் நடத்துகிற மீன்பிடிப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உடைப்பதை நிறுத்தவும் முடியாது. விருந்தாளிகளுக்குச் சத்தியம் செய்திருக்கிறான். மயாமியிலிருந்து தட்டுப் பெட்டிகள் வந்தன. சரக்குக் கப்பல் அவற்றை ஊர்த் துறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பிராக்டர் பட்டறைக்கு வந்து ஜோத்தமிடம் தோணி கேட்டான். ஜோத்தமுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அன்று காலையே தோணியைக் கரையில் ஏற்றி, அடியில் ஒரு பலகையைப் பிடுங்கி வைத்திருந்தான்.

"பாருங்க, பலகையே இல்ல," என்று உண்மையைச் சொன்னான். "புதுசு இழைச்சுப் போட்டு, கலப்பத்து அடிச்சு, ஊறவிடணும். மரவேலை, அவசரப்பட்டா ஒழுகும்."

தெருவழியாகக் கொண்டுபோகலாம் என்றால் ஊரில் ஒரே ஒரு வண்டி, அது ஃபெர்டியின் அண்ணனுடையது. அதன் சக்கரம் அந்த வாரம் கழன்றுவிட்டது. சக்கரம்தானே, கழலும்.

மீன்பிடிப் போட்டி தொடங்கிய நாள் சாயங்காலம் கிளப்பில் கால் வைக்க இடமில்லை. நாள் முழுக்கக் கடலில் கிடந்து பசியோடு வந்த வெள்ளைக்காரர்கள் ஒருபக்கம். நாங்கள் முன்பே போய் எங்கள் மேசைகளை நிறைத்திருந்தோம். வந்த தட்டெல்லாம் முதலில் எங்களுக்குத்தான் வந்தது. பரிமாறியது எனிட் அல்லவா? நாங்கள் மெதுவாகச் சாப்பிட்டோம். அந்தப் பக்கம் கரண்டியால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

எனிட் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். பிராக்டரின் காதில் சொல்லவேண்டியதை நடு அறையில் நின்று சொன்னாள்.

"முதலாளி, தட்டு தீந்துபோச்சு."

"என்ன தீந்துபோச்சு?"

"தட்டு. மயில்மீன் போட்டது ஒண்ணுகூட இல்ல. எங்க வேலைக்காரங்க தகரத் தட்டு இருக்கு. அது நாங்க தின்னது."

பிராக்டரின் கழுத்து சிவந்தது. அவன் எங்கள் மேசையைப் பார்த்தான். எங்கள் முன்னால், மீன் முள்ளும் எண்ணெயுமாக, கிளப்பில் மிஞ்சியிருந்த அத்தனை தட்டும் இருந்தன. இப்போது எங்களை விரட்டினான் என்றால் இந்த வருஷம் முழுக்கப் பட்டது வீண், இனி ஜோத்தம் இந்த வாசலை மிதிக்கவே மாட்டான்.

"இதையெல்லாம் எடுத்துட்டுப்போயி கழுவு," என்று பிராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"உள்ளே வேணாம்," என்றாள் எனிட். "அப்புறம் யாரும் தெரியாமத் தின்னுட்டேன்னு சொல்லக்கூடாது."

துவைக்கிற தொட்டியை அவளே இழுத்துக்கொண்டு வந்து நடு அறையில் வைத்தாள். வெந்நீர் ஊற்றினாள், சோப்புப் போட்டாள். எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோரும் பார்க்க, கழுவித் துடைத்தாள். கையில் இன்னும் வெட்டுத் தழும்பு இருந்தது. இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. மற்றவர்கள் போகவில்லை. பசி, அல்லது வேறு எங்கே போவது என்ற யோசனை, எது என்று எனக்குத் தெரியாது.

முதல் தட்டில் களவா மீனை வைத்து ஒரு பருத்த ஆள் முன்னால் வைத்தாள். ஜோத்தம் தின்ற தட்டு அது. அந்த ஆள் விளிம்பைத் திருப்பிப் பார்த்தான்.

"இது சுத்தமா இருக்குமா?" என்று பிராக்டரைக் கேட்டான்.

பதில் சொன்னது எனிட். "ஐயா, அந்த மீனைப் பிடிச்சது இந்த ஜோத்தம் மாமா. செதில் எடுத்தது நான். உள்ள நின்னு மாவுல பிரட்டினது என் மாமியாரு. நீங்க இங்க வர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து உங்க தட்டைக் கழுவுற கையும் இதுதான். இன்னைக்கு மட்டும் உங்களுக்கு என்ன சந்தேகம்?"

அந்த ஆள் பிராக்டரைப் பார்த்தான். பிராக்டர் ஜன்னலைப் பார்த்தான். பிறகு அந்த ஆள் முள்கரண்டியை எடுத்து ஒரு வாய் தின்றான். பக்கத்து மேசையில் ஜார்ஜியா டாக்டர் தன் தட்டுக்காகக் கையை நீட்டினார்.

ஜோத்தம் எழுந்து நின்றான். தொட்டிக்குப் போய், கழுவி அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். திருப்பி வைத்துவிட்டான். அந்தப் பருத்த ஆள் முடிக்கும்வரை காத்திருந்தான். அவன் முடித்துத் தட்டைத் தள்ளி வைத்ததும், அந்தத் தட்டையே எடுத்து எனிட்டிடம் நீட்டினான்.

"எனக்கு இன்னொரு துண்டு மீன் வை," என்றான். "கழுவ வேணாம்."